அது என் மொகமே இல்லீங்க

அந்த டம்ளர்ல வாய் வெச்சிராதீங்க. ஒரு நிமிசம் மூக்குக்கிட்டக் கொண்டு போயிப் பாருங்க. முட்டை நாத்தம் அடிக்குதுங்களா? அடிக்கும். நான் உக்காந்ததும் மொதல்ல அதைத்தான் பாத்தனுங்க. இந்த எலையும் பாருங்க. பரிமாறறவரு தொடச்சுத்தான் போட்டேங்கறாரு, ஓரமெல்லாம் ஈரம், அதுல ஒரு எறும்பு. கேட்டா, எறும்புதானுங்களே, ஒண்ணும் பண்ணாதுங்கறாரு. நான் மேக்கொண்டு பேசலீங்க. பேசுனா நம்மளத்தான் கொறை சொல்ற ஆளும்பாங்க.

நீங்க சாப்புடுங்க. நான் பேசறேன்னு நிறுத்தாதீங்க. மருந்துக் கம்பெனிங்களா? பேக்கைப் பாத்தங்காட்டிக் கேட்டேன். அப்ப தெனமும் வெளிச் சாப்பாடுதான், பாவம். நானும் இந்த ஒரு மாசமா இப்புடித்தானுங்க மெஸ்ஸு மெஸ்ஸா அலையறேன். நமக்கு ஊடு இங்கிருந்து ரெண்டு தெருதான். சொந்த ஊடு. ஊட்டுக்காரி இருக்கறா, வசந்தாமணி. கையும் காலும் நல்லாத்தான் இருக்குது அவளுக்கு. சமைச்சு மூடியும் வெச்சிட்டுத்தான் போறா. அப்பறம் எதுக்கு இங்க வந்து இந்தக் கருமத்தைத் திங்கறேன்னு கேப்பீங்க. கேக்கோணும். நானே சொல்றேன்.

எல்லாம் மண்ணால வந்த கேடுங்க. களிமண்ணு.

நாச்சிமுத்துன்னா மில்லுல தெரியாத ஆளில்லீங்க. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுல குவாலிட்டி கன்ட்ரோல்ல இருந்தேன். நூல் சுத்துன ஒரு கோனைக் கையில எடுத்தா, நூலு எங்க தடிச்சிருக்குது, எங்க எளச்சிருக்குதுன்னு வெரலே சொல்லீரும். நான் ஒண்ணத் தள்ளிட்டன்னா முதலாளியே வந்தாலும் அது உள்ள போகாது. ரிட்டையர் ஆயிட்டாப்பல அந்தக் கண்ணு போயிருமுங்களா? சோத்துல நெல்லு கெடந்தா தெரியுது. சட்டி அடியில கறை இருந்தா தெரியுது. தெரிஞ்சா சொல்லத்தானே தோணும். அதைப் போயி எம்பொண்ணு, அப்பா நீங்க அம்மாவை நோண்டிட்டே இருக்கறீங்கன்னு போன்ல சண்டை போடறா. பெங்களூருல இருக்கறா, சுகன்யான்னு பேரு. நோண்டறதாமா!

அவதான் கல்யாண நாளுக்குப் பரிசுன்னு எங்க ரெண்டு பேரையும் மண்ணு வகுப்புல சேத்து வுட்டது. பானை, செலை எல்லாம் செய்யச் சொல்லித் தருவாங்களாம். மத்தவங்க அப்பன் ஆத்தாளுக்கு மோதரம் வாங்கித் தர்றாங்க. இவ சேத்துல எறக்கி வுட்டுட்டா. சேந்து ஒண்ணாவது பண்ணுங்கப்பாங்கறா. முப்பது வருசத்துக்கு மேல சேந்துதானுங்க இருக்கறோம்.

வடவள்ளி ரோட்டுல ஒரு பழைய பங்களாங்க. பொதுவான எடம், யார் வேணாலும் வரலாம். அதான் அங்க கோளாறே. டாக்டரும் வருவாரு, கூரியர் போடறவரும் வருவாரு, காலேஜுப் புள்ளைகளும் வரும். எல்லாரும் ஒரே வாளித் தண்ணியில கையக் கழுவோணும். அந்தத் தண்ணியவாவது கீழ ஊத்தறாங்களான்னா, இல்லீங்க! அடியில தங்கற சேத்தை எடுத்து வெக்கறாங்க. ஒடஞ்சது, கோணுனது, யாரு யாரு கையோ பட்டு வேணாம்னு போட்டது எல்லாத்தையும் ஒட்டுக்கா அதுல ஊறப் போட்டு, மறுபடி பிசஞ்சு, அதைத்தான் அடுத்த ஆளுக்கு உருண்டை புடிச்சுத் தர்றாங்க. இன்னொண்ணு சொன்னா நீங்க சாப்புட மாட்டீங்க. சொல்லட்டுங்களா? அந்த மண்ணுல புளிச்ச மோரை ஊத்தி, மூடி வெக்கறாங்க. நாறுனாத்தான் மண்ணு நல்லா வளஞ்சு குடுக்குமாமா. மூடியத் தொறந்து மோந்து பாத்து, ஆஹாங்கறாங்க! எனக்கு ஓங்கரிச்சுட்டு வந்துருச்சுங்க. இப்ப நெனச்சாலும் வருது.

ரசம் ஊத்துங்க, கொஞ்சமா. போதும், போதும். கட்டை வெரலு ரசத்துல படுது பாருங்க.

எங்க உட்டேன்? ஆங். நான் என்ன பண்ணேன், அடுத்த வகுப்புக்கு மருந்துக் கடையில கையுறை வாங்கிட்டுப் போயிட்டேன். சொல்லித் தர்ற புள்ள தாரிணின்னு பேரு, எம்பொண்ணு வயசுதான் இருக்கும். "அங்கிள், கையுறை போட்டா மண்ணோட ஈரம் தெரியாது"ன்னுச்சு. "தெரியக் கூடாதுன்னுதானே அம்மிணி போட்டிருக்கறேன்"னேன். பக்கத்துல இருந்த சேவியருக்கு அது ஒரு சிரிப்பு. போத்தனூர்க்காரரு, ரயில்வேல கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. வந்த நாள்ல இருந்து மீனு மட்டுந்தான் செய்யறாரு. ஏனுங்க மீனேன்னா, "அதுக்குத்தான் கால் செய்ய வேண்டாம் பாருங்க"ங்கறாரு. அந்த மண்ணுக் கையோடவே வடைய எடுத்து வாயில போடறாருங்க! எனக்கும் ஒண்ணு நீட்டுனாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வசந்தாமணி வாங்கித் தின்னுட்டா.

அதைத்தான் நான் சொல்ல வர்றது. ஊட்ல ஒரு சத்தம் வராத பொம்பளைங்க அவ. நான் இருந்தா டீவி சத்தத்தக்கூட கொறச்சு வெப்பா. அவ அங்க போயி, சேலைய முட்டி வரைக்கும் தூக்கிச் சொருகிட்டு, சக்கரத்து முன்னாடி காலை அகட்டி வெச்சு உக்காந்துக்கறா. முழங்கை வரைக்கும் சேறு. மூக்குல சேறு. மண்ணு சுத்தறப்ப கிண்ணம் வாயி கோணிப் போயி, படக்குனு சாஞ்சு உழுகுது. அதுக்கு இவ பல்லு தெரியச் சிரிக்கறா. சத்தம் போட்டு! அவ அப்புடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லீங்க. வயசான காலத்துல பாக்கவே சகிக்கல. வண்டியில வர்றப்பவே சொன்னேன், "நாலு பேர் இருக்கற எடத்துல கொஞ்சம் பாத்து இரு"ன்னு. "சரிங்க"ன்னா. அவளுக்கு எதுக்கும் சரிங்கதான். அடுத்த வாட்டி அதே சிரிப்பு.

அப்பறம் தலை செய்யற பாடம் வந்துச்சுங்க. ரெண்டு ரெண்டு பேரா எதிரும் புதிருமா உக்காந்து, ஒருத்தர் தலைய ஒருத்தர் செய்யோணும். நானும் இவளும் ஜோடி. ஒரு பலகையில குச்சி நட்டு, அதுல மண்ண அப்பி அப்பித் தலை புடிக்கோணும்.

நான் சீக்கிரமா முடிச்சிட்டேன். நம்ம வேலை எப்பவும் சுத்தங்க. வகிடு இருக்குது பாருங்க, ஸ்கேல் வெச்ச மாதிரி. கொண்டை, கொண்டையில ஊசி, எல்லாம் அச்சு அசல். தாரிணி வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "அங்கிள், ஆன்ட்டிக்குக் கண்ணு எங்க?"ன்னுச்சு. "அவ குனிஞ்சிருக்கறா அம்மிணி, கண்ணு தெரியாது"ன்னேன். "உங்களுக்கு எதிர்ல நிமிந்துதானே உக்காந்திருக்காங்க?"ன்னுச்சு. "நிமிந்தா அவ மாதிரியே இருக்காது"ன்னேன். உண்மைதானுங்களே. சரி, வாயின்னுச்சு. அவ எங்க பேசறான்னு நான் வாய்க்குப் பெருசா மெனக்கெடல. அந்தப் புள்ளைக்கு அது பெரிய அதிசயமாட்ட, இடுப்புல கைய வெச்சிட்டு நின்னுட்டிருந்துச்சு.

இவ செஞ்சதைப் பாக்கோணுமே நீங்க. என் தலைன்னு ஒண்ணச் செஞ்சு வெச்சிருக்கறா. மூக்கு ரெண்டு பக்கமும் சுருங்கி, மேலுதடு ஒரு பக்கமா ஏறி, கண்ணு ரெண்டும் இடுக்கி, என்னமோ செத்த எலிய வாலப் புடிச்சுத் தூக்கிப் பாக்கற மாதிரிங்க. நான் அப்புடியா இருக்கறேன்? இப்ப உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கறேன், நீங்களே சொல்லுங்க. ஒரு ஒத்துமை உண்டுங்களா? எல்லாரும் கை வேலைய வுட்டுட்டு வந்து சுத்தி நின்னுக்கிட்டாங்க. அந்தச் சேவியரு வெடுக்குனு என்னைப் பாத்தாரு, அப்பறம் அதைப் பாத்தாரு, அப்பறம் அந்தப் பக்கம் போயி மீனுக்குச் செதிலு கீற ஆரம்பிச்சிட்டாரு. தாரிணிதான் கேட்டுச்சு, "ஆன்ட்டி, இது எப்பப் பாத்த மொகம்?"ன்னு.

"சோறு போடறப்பங்க"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நான்தான், "மூக்கச் சரி பண்ணு, ஒதட்டக் கீழ எறக்கு"ன்னேன். சொன்னா உடனே செய்யறவதானே. கையத் தொடச்சுக்கிட்டு, "இல்லீங்க, இது இப்புடித்தானுங்க"ன்னா. இல்லீங்கன்னு அவ என்னைப் பாத்துச் சொன்னது அதான் மொத தடவைங்க. அதுவும் அத்தன பேர் முன்னாடி. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. அந்தத் தலைய எக்சிபிசன்ல வேற வெக்கப் போறாங்களாமா. நான் தாரிணியத் தனியாக் கூப்புட்டு, "அத வெக்காதீங்க அம்மிணி, நல்லா வரல"ன்னேன். "அங்கிள், அது ஆன்ட்டி எடுக்க வேண்டிய முடிவு"ன்னுச்சு. இவ என்னத்தைங்க முடிவெடுப்பா? எங்க ஊட்ல பொரியல்கூட நான் சொல்லித்தான் அவ முடிவு பண்ணுவா.

அதுக்குள்ள இன்னொரு அசிங்கம். செஞ்ச தலைய அப்புடியே சூளையில வெக்கக் கூடாதாமா. கொஞ்சம் காஞ்சதும் காதுக்கு மேல கம்பியப் போட்டு அறுத்து, உச்சந்தலைய மூடியாட்டத் தனியா எடுத்துட்டு, உள்ள இருக்கறதையெல்லாம் சொரண்டி வெளிய போடோணும். வெரல் தடிப்புக்கு ஓடு மட்டும் மிஞ்சோணும். அப்பறம் சேத்தைத் தடவி ஒட்டிக்கோணும். உள்ள கெட்டியா இருந்தா, ஈரம் ஆவியாகி வெளிய வர வழியில்லாம வெடிச்சிரும்னு அந்தப் புள்ள வகுப்புக்கு வகுப்பு சொல்லிட்டே இருந்துச்சு. எத்தன தடவைங்க ஒரு விசயத்தச் சொல்லுவாங்க!

இவ என் தலைய மடியில வெச்சு அறுத்தா. உள்ள இருந்து பொத்து பொத்துனு எடுத்து அந்த வாளியில போட்டா. நான் பாத்துட்டே நிக்கறேன். அருவருப்பா இருந்துச்சுங்க, சொன்னா நம்ப மாட்டீங்க. கட்டுன புருசன் மண்டையச் சொரண்டறோமேன்னு ஒரு கூச்சம் வேண்டாமுங்களா? பாட்டு வேற மொணகறா.

நான் உள்ள கொடையலீங்க. அவ்வளவு சுத்தமாச் செஞ்ச வகிட்டுல போயிக் கம்பியப் போடுவாங்களா? குச்சிய மட்டும் உருவிட்டு, அந்த ஓட்டையில இன்னும் கொஞ்சம் மண்ணத் திணிச்சு நல்லா அடச்சேன். காதுக்கு மேல சுத்தி ஒரு கோடு இழுத்து வுட்டேன், அறுத்து ஒட்டுனாப்பல இருக்கட்டும்னு. கொடஞ்சாச்சான்னு தாரிணி கேட்டுச்சு, ஆச்சுன்னேன். சூளைக்குள்ள நானே தூக்கி வெச்சனுங்க. கனம் தெரிஞ்சிரும்னு இல்லீங்க, அடுத்தவங்க கை படக் கூடாதுன்னு. நேரா அந்த மொகத்துக்குப் பக்கத்துல வெச்சேன். புருசன் பொண்டாட்டி, பக்கத்துல பக்கத்துல இருக்கட்டுமேன்னு. அதுல என்ன தப்பு?

வெடிச்சிருச்சுங்க.

கரண்டுச் சூளைங்க, பீரோ மாதிரி இருக்கும். உள்ள வேகுறப்பவே டமார்னு சத்தம் கேட்டுச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. சூடு ஆறித் தொறந்தா, உள்ள எல்லாம் துண்டு துண்டாக் கெடக்குது. சேவியரோட மீனுல ஒண்ணு பாக்கியில்ல. காலேஜுப் புள்ளைக ரெண்டு அழுகுது. என் மொகம்னு வெச்சிருந்தது நாலாப் போயிருச்சு. நான் வேணும்னு பண்ணலீங்க. வேணும்னு பண்ணியிருந்தாச் சொல்லப் போறேன், எனக்கென்ன பயம்? சூளையில கோளாறு. மில்லுல நான் பாக்காத மிசினா? சூடு ஒரே சீரா ஏறியிருக்காது.

வசந்தாமணி ஒவ்வொரு துண்டாப் பொறுக்குனா. நான் செஞ்ச தலையில ஒரு துண்டு, உள்ளங்கை அகலத்துக்கு இருந்துச்சு. அத எடுத்துத் திருப்பிப் பாத்தா. நல்லாத் தடியா, கெட்டியா இருந்துச்சுங்க. "கொடையலீங்களா?"ன்னு கேட்டா. "கொடஞ்சேன்"னேன். வெரலை வெச்சு அதோட தடிப்பைப் பாத்தா. அப்பறம் "சரிங்க"ன்னுட்டு, தொடப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பிச்சிட்டா. பாத்தீங்களா? கோவமா ஒரு வார்த்தை பேசல. தப்பு என்மேல இல்லைன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்குதுங்க.

தாரிணிதான் ஓவராப் போயிருச்சு. இனிமே உங்களுதுன்னா நானே ஊசி குத்திப் பாத்து, எடை போட்டுத்தான் வெப்பேன் அங்கிள்ங்குது. எனக்கு! குவாலிட்டி கன்ட்ரோல் எனக்கு! இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன். நான் நின்னா அவளும் நின்னுருவான்னுதான் நெனச்சேன். அடுத்த நாள் காத்தால குளிச்சு, டிபன் எடுத்து வெச்சிட்டு, "போயிட்டு வந்துர்றனுங்க"ன்னா. பஸ்ஸுல போயிருக்கறா. டவுன் பஸ்ஸு ஏறத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க.

மறுபடி என் தலையச் செய்யறாளாம். நான் பெருந்தன்மையா, "வேண்ணா வந்து உக்காரட்டுமா?"ன்னு கேட்டேன். சேவிங் பண்ணிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, சிரிச்ச மொகமா உக்காந்தா நல்லாச் செய்வாளேன்னு. அவ வெங்காயம் அரிஞ்சிட்டிருந்தா, தலையத் தூக்கவே இல்ல. "வேண்டாமுங்க, எனக்கு மனப்பாடம்"ன்னுட்டா.

எக்சிபிசனுக்கு நான் போயிருக்கவே கூடாது. நட்ட நடுவுல வெச்சிருக்கறாங்க, மொத வாட்டிய விட மோசம். இந்தத் தடவை மூக்கு ஓரத்துல இருக்கற மருவு மொதக்கொண்டு வெச்சிருக்கறா. கீழ ஒரு அட்டையில 'சாப்பாட்டு நேரம்'னு எழுதியிருக்குது. கூட்டம் அதுக்கிட்டத்தான். ஒரு அம்மா, நல்ல வசதியான ஊட்டு அம்மாதான், அது முன்னாடி நின்னு ரொம்ப நேரம் கண்ணத் தொடச்சிட்டு இருந்துச்சு. மண்ணுத் தூசி பட்டிருக்கும், அந்த எடமே தூசிதான். நான் போயி அதுக்குப் பக்கத்துல நின்னனுங்க. நின்னு காட்டுனாத்தானே தெரியும், ஒத்துமையே கெடையாதுன்னு! எல்லாரும் அதையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, ஒவ்வொருத்தரா நகந்துட்டாங்க. ஒத்துமை இருந்தா யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?

யாராச்சும் வாங்கிட்டுப் போயித் தொலையட்டும்னு பாத்தேன். மூணு பேரு கேட்டாங்களாமா. இவ குடுக்கல. விக்கறதுக்கில்லீங்கன்னுட்டா. துணியில சுத்தி, மடியில வெச்சு, பஸ்ஸுலயே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டா. கொண்டாந்து எங்க வெச்சாங்கறீங்க? சாப்புடற மேசையில. எனக்கு நேர் எதிர்ல.

"என்னடி இது, எடுத்து அக்கட்ட வை"ன்னேன். சோத்தைப் போட்டுட்டே சொல்றா, "இத்தன வருசம் நான் பாத்தனுங்க. நீங்களும் கொஞ்ச நாளைக்குப் பாருங்க"ன்னு. சத்தமெல்லாம் போடல. கொழம்ப ஊத்துனா, பொரியல வெச்சா, மேல சீலைத் தலைப்ப உதறிச் சொருகிட்டு வகுப்புக்குக் கெளம்பிட்டா.

நான் ஒரு வாய் எடுத்து வெச்சேன். நிமிந்தா அது பாக்குது. உப்பு எப்புடி இருக்குதுன்னு யோசிக்கக்கூட முடியல. என்னமோ நான் திங்கறதே அசிங்கங்கற மாதிரி ஒரு பார்வைங்க. மொகத்தத் திருப்பி வெச்சேன், சாயந்தரம் அவ வந்து நேராத் திருப்பி வெச்சுட்டா. எடத்த மாத்தி உக்காந்தேன், அடுத்த வேளைக்கு அது அங்க வந்துருச்சு. தூக்கிப் போட்டு ஒடைக்கலாம்தான். ஒடச்சா, அவ மறுபடி செய்வா. அவளுக்குத்தான் மனப்பாடமாச்சே. சொல்லக் கூடாது, ஒரு நாள் மத்தியானம் சோத்தைப் பெசஞ்சு வெச்சிட்டு, திங்க முடியாம அப்புடியே உக்காந்து அழுதுட்டனுங்க. ஒரு மனுசன் அவன் ஊட்ல ஒரு வாய் சோத்தை நிம்மதியாத் திங்கக் கூடாதுங்களா? எதிர்ல ஒரு மொகம் அப்புடி உக்காந்திருந்தா யாருக்குங்க சோறு எறங்கும்?

அதான் இங்க வந்து உக்காந்திருக்கறேன். இந்த அவியல்ல பாருங்க, கத்திரிக்காக் காம்பு. த்தூ. புழு இருந்தாலும் இருக்கும், நல்லாப் பிரிச்சுப் பாத்துட்டுத் தின்னுங்க.

ஏனுங்க, கைய எடுத்துட்டீங்க? அப்பளத்தைத் தவிர ஒண்ணுமே தொடலீங்களே. நல்லா இல்லீங்களா? நான்தான் சொன்னனே. எந்திரிக்கறீங்க? கை கழுவற எடம் இந்தப் பக்கமுங்க. ஓ, எலையோட... அந்த மேசைக்குங்களா? அங்க எதுக்குங்க போறீங்க, அந்தப் பக்கம் ஃபேன் ஓடாதுங்களே.